குன்னூர் ஹாக்கி கோச்சிங், மூணு மாசம் பாத்துட்டு எழுதுறேன்

பையன் 7வது படிக்கிறான், குன்னூர்ல ஒரு ஹாக்கி கோச்சிங்ல சேத்து மூணு மாசம் ஆச்சு. மாசம் 600 ரூபா, ஸ்டிக் அவங்களே தராங்க, ஷின் கார்டு நாமதான் வாங்கணும். மழை பெஞ்சா கிரவுண்டு பூரா சேறு, மிஸ்ட் எறங்கிட்டா பால் எங்க இருக்குன்னே தெரியாது. டாய்லெட் பத்தி கேக்காதீங்க.

எஸ்டேட் வேலைக்கு வந்த ஜார்கண்ட் குடும்பத்து பசங்க மூணு பேரும் இங்க வராங்க. மொத வாரம் 'வடக்கன்'னு சொல்லி எவனும் பாஸ் குடுக்கல, என் பையனும்தான், வீட்ல வந்து சிரிச்சுக்கிட்டே சொல்றான், எனக்கு சுருக்குனு ஆயிடுச்சு, ஏன்னா எங்கப்பா, இலங்கைத் தோட்டத் தமிழர்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்புன 1964 சிரிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல கண்டியில இருந்து வந்து, அரசு டீ எஸ்டேட்டான டேன்டீயோட லைன் வீட்ல குடியிருந்தவரு, தமிழ்தான் பேசுவாரு, ஆனாலும் சாகுற வரைக்கும் ஊருக்கு 'சிலோன்காரன்'.

கோச் சார் யாரையும் திட்டல. டெய்லி டீம கலைச்சு போட்டாரு, மூணு பேர் ஸ்டிக் படாம கோல் அடிச்சா செல்லாதுன்னுட்டாரு. அந்த ஜார்கண்ட் பசங்கள்ல ஒருத்தன் அங்க சிம்டேகாங்கிற ஊர் பையன், மூங்கில் குச்சில ஆடி பழகுனவன், அவங்க ஊர் மேட்ச்ல ஜெயிச்சா ஆடுதான் பரிசாம்! அவன்கிட்ட பால் போனா புடுங்க முடியல. ரெண்டே வாரம், அவன் எங்க டீம்தான்னு அடிதடி. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ்ல ஒரு கோல் கூட வாங்காம தங்கம் ஜெயிச்ச நம்ம டீமுக்கு கேப்டன் ஜெய்பால் சிங் முண்டா, அவரும் ஜார்கண்ட் பக்கத்து ஆதிவாசிதான்னு சார் சொன்னாரு, எனக்கு தயான் சந்த் பேர் மட்டும்தான் தெரியும்.

ஒண்ணு மட்டும் உறுத்துது. மத்த ரெண்டு பசங்க சுமாராதான் ஆடுவாங்க, ரூலுக்காக பாஸ் வருது, ஆனா ரூல் இல்லாத மேட்ச்ல அவங்க சும்மா ஓடிட்டுதான் இருக்காங்க. நல்லா ஆடுனாதான் மனுஷனாடான்னு பையன்கிட்ட கேட்டேன், பதில் இல்ல. சார்கிட்டயும் சொல்லிருக்கேன்.

பிராக்டிஸ் முடிஞ்சு எல்லாரும் டீக்கடைக்கு போவாங்க. கடைக்காரர் இன்னமும் சிம்டேகா பையன்கிட்ட மட்டும் என்ன வேணும்னு இந்தில "க்யா சாஹியே"ங்கிறாரு, அவன் "ரெண்டு வர்க்கி குடுங்கண்ணே"ங்கிறான்.

4 ஸ்டார். ஒண்ண டாய்லெட்டுக்காக கொறச்சிருக்கேன்.