எண்ணைச் சேமித்து வைத்த வாசகர்கள்: பிராட்காஸ்ட் பட்டியலில் சில ஆண்டுகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருந்துகொண்டு வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் ஒரு கடற்கரைச் செய்திக் குறிப்பை வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்பி வருகிறேன். ஒரே செய்தியைப் பலருக்கும் அவரவர்க்குத் தனிச் செய்தியாக ஒரே முறையில் அனுப்பும் வசதி அது. காற்றின் போக்கு, மீன் வரத்து, ஏல விலை, மீனவர்களைத் தொடும் அரசு அறிவிப்புகள் ஆகியவையே அதில் இருக்கும். இதே காலத்தில் குறுங்காணொளிப் பக்கம் ஒன்றையும் நடத்தினேன். இரண்டையும் சில ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்ததில், நிலையான வாசகர் வட்டம் வேண்டும் என்பவர்களுக்குப் பட்டியலே பொருந்தும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். அதன் குறைகளும் சிறியவை அல்ல.

காணொளியைப் பொறுத்தவரை, இந்தக் கரையில் கூட்டம் சேர்க்கும் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, செங்குத்தாக மேலெழும் அதன் தூக்குப் பகுதியை யார் படம்பிடித்துப் போட்டாலும் ஓடியது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் நாள்களிலும் அப்படித்தான். ஆனால் வந்தவர்கள் பாலத்தையும் கூண்டையும் பார்க்க வந்தவர்கள். அடுத்த வாரம் டீசல் மானியத்தைப் பற்றி விளக்கினால் அவர்களில் ஒருவரையும் காண முடியாது. ராமேசுவரத்துக்கு வரும் சுற்றுலாக் கூட்டத்தை நம்பிக் கடை போடுவதும், மாதந்தோறும் கருவாட்டுக்கு ஆள் அனுப்பும் வாடிக்கையை நம்பிக் கடை போடுவதும் வெவ்வேறு வணிகம் அல்லவா?

பிராட்காஸ்ட் பட்டியலில் ஒரு நிபந்தனை உண்டு. பெறுபவர் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி அவருக்குப் போய்ச் சேரும். தொடக்கத்தில் இது பெரும் தொல்லையாகவே தெரியும். “என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று ஆர்வமாகச் சொன்னவர்களில் பலர் எண்ணைச் சேமிக்காமலே விட்டுவிடுவார்கள். ஆயினும் இந்தத் தொல்லைதான் வாசகரைச் சலித்தெடுக்கிறது. பெயர் போட்டு எண்ணைப் பதிந்துகொண்டவர் ஒரு சிறு உழைப்பைச் செலுத்தியிருக்கிறார். அவர் எளிதில் விலகுவதில்லை. அனுப்பிய செய்தியின் விவரத்தைத் திறந்தால் யார் படித்தார்கள் என்பதும் பெயரோடு தெரியும். நீலக்குறியை அணைத்து வைத்திருப்பவர்கள் மட்டும் அதில் வரமாட்டார்கள்.

வாசகரைத் தங்க வைப்பது செயலி அன்று, குறிப்பின் பயன்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கச்சான் வீசும் தென்மேற்குப் பருவத்தில் தென்கடலாகிய மன்னார் வளைகுடா கொந்தளிக்க, வடகடலாகிய பாக் விரிகுடா ஓரளவு அடங்கியிருக்கும். வாடை தொடங்கியபின் நிலைமை தலைகீழாகிவிடும். ஆகவே ‘கடல் சீற்றம்’ என்று பொதுவாக எழுதினால் ஒருவருக்கும் பயனில்லை. எந்தக் கடல், எந்தக் கரை என்று பிரித்து எழுதத் தொடங்கிய பிறகுதான் பதில்கள் வரத் தொடங்கின. பாம்பனிலிருந்து ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைக் கவனித்தால் இதே பாடம் கிடைக்கும்: உலகத்துக்கே பேசாமல், தீவிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்களுக்காகப் பேசுகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் உண்மையான சோதனை. விசைப்படகுகள் கரையில் நிற்பதால் எழுதுவதற்குச் செய்தி குறையும். அப்போதும் வெள்ளிக்கிழமையைத் தவறவிடாமல், நாட்டுப்படகுகளின் வரத்து, வலை சீரமைப்பு, நிவாரணத் தொகை விண்ணப்பம் என்று நான்கு வரியாவது அனுப்பினால் போதும், வாசகர் அப்படியே இருப்பார்.

எழுத்துக்கு அப்பாலும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பாசி எடுக்கும் பெண் ஒருவரின் குரல் செய்தி உணர்த்தியது. “அண்ணே, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். காத்து சேதிய மட்டும் வாயால சொல்லி விட்ருங்க, கூட வர்றவுகளுக்கும் போட்டுக் காட்டுறேன்” என்றார். அன்றிலிருந்து குறிப்போடு இரண்டு நிமிடக் குரல் பதிவும் போகிறது. ஒரு கைபேசியைச் சுற்றி எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை எந்தச் செயலியும் கணக்கிட்டுச் சொல்லாது.

குறைகளுக்கு வருகிறேன். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஒவ்வொரு பதிலும் தனிச் செய்தியாக வருவதால், வெள்ளி இரவும் சனி காலையும் அதற்கே சரியாகிவிடும். பதில் சொல்லாமல் விட்டால் மறுவாரம் அந்த வாசகரின் குரல் அடங்கிவிடும். வருமானம் என்று எதுவும் இல்லை. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலுக்கு மாறிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். சேனலில் இந்த எண்ணிக்கை வரம்பு இல்லை. பின்தொடர்பவரின் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் உள்ளூர் மீனவருக்கு வேண்டியது திரும்பிக் கேட்கும் வசதி, அதில் கிடைப்பதோ பெரும்பாலும் எமோஜிதான். ஆகவே நான் மாறவில்லை.

வரம்பைச் சமாளிக்க, வாசகர்களை வடகடல், தென்கடல், வெளிநாடு என்று மூன்று பட்டியல்களாகப் பிரித்திருக்கிறேன். மூன்றாவது பட்டியலில் இருப்போரில் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் கீழக்கரை, தொண்டிப் பக்கத்தவர்கள். அவர்களுக்குக் காற்றைவிட ஊர்ச் செய்தியும் மீன் விலையும் முக்கியம். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது என்பதால், அந்தப் பட்டியலுக்கு மட்டும் இரவு ஒன்பதரைக்குப் பிறகு அனுப்புகிறேன்.