மலைக்கு வந்த செயின்சாவும் அந்த ‘எச்’ ஸ்க்ரூவும்

குன்னூர்ப் பக்கம் தேயிலை வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். விலை இறங்கியிருக்கிறதாம், என்னிடம் இருக்கும் அதே செயின்சாவை, அதாவது பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் வாளை, வாங்கலாமா என்று கேட்டார். மெஷின் சர்வீஸ் முடிந்து கோத்தகிரிக்குத் திரும்பிய வாரத்தில் கேட்டதால் என் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும்.

கீழே, சர்வீஸ் கடை இருக்கும் மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம். கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி. இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். சமவெளியில் ட்யூன் செய்த கார்புரேட்டர், இங்கே வந்ததும் இருக்கிற காற்றுக்கு மிஞ்சிப் பெட்ரோல் விடும். அப்புறம் என்ன, ஒரே புகை. பிளக் நனைந்து கறுக்கும், சைலன்சர் வலையில் கரி அடையும், சில்வர் ஓக் கட்டையில் வாளை இறக்கினால் மெஷின் திணறும். சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கும்போதெல்லாம் இதே கதை. கடைக்காரர் தன் வாசலில் ஓட்டிப் பார்த்து “அருமையா ஓடுது” என்பார். அவர் வாசலில் அருமையாகத்தான் ஓடும்.

இதற்கு மருந்து, கார்புரேட்டரில் ‘எச்’ என்று போட்ட ஸ்க்ரூவை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி, முழு வேகத்தில் போகும் பெட்ரோலைக் குறைப்பது. அதன் மேல்தான் ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் திரும்பாதபடி பூட்டியிருக்கிறார்கள். ஸ்க்ரூவின் தலையும் சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு அடங்காது, அதற்கென்று தனியாக ஒன்று வேண்டும். மூடியை வீணுக்கு வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் ஒரு காரணம். இன்னொன்று, டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது. பெட்ரோலை அளவுக்கு மீறிக் குறைத்தால் ஆயிலும் குறைந்து, சூடேறி, பிஸ்டனில் கீறல் விழும். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் மலைக்கு விற்கும் மெஷினில் மலைக்குத் தேவையான அளவுக்காவது ஸ்க்ரூ திரும்ப வேண்டாமா?

கோத்தகிரியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் மூடியைக் கழற்றிச் சரிசெய்கிறார். அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு பாடம். முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்வார், அது அடைத்திருந்தால் எந்த ட்யூனிங்கும் பொய். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, குறைந்த வேகத்துக்கான ‘எல்’ ஸ்க்ரூ, பிறகு ஐடிலில் (த்ராட்டிலை அழுத்தாமல் இன்ஜின் ஓடும்போது) செயின் ஓடாமல் நிற்கும்படி மூன்றாவது ஸ்க்ரூ. கடைசியாக ‘எச்’. முழு த்ராட்டிலில், மரத்தைத் தொடாதபோது சத்தத்தில் லேசான தடதடப்பு இருக்க வேண்டும். கட்டையில் இறங்கியதும் அது மறைந்து ஒரே சீராக வர வேண்டும். வெறுமனே ஓடும்போதே கீச்சென்று சுத்தமாகக் கத்தினால் பெட்ரோல் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது, ஆபத்து. இவ்வளவு செய்தாலும் மெலிந்த காற்றால் போன சக்தி முழுதாகத் திரும்பாது. திணறல் போகும், அவ்வளவுதான். இப்படிச் சரிசெய்த மெஷினைக் கீழே சமவெளியில் காரமடைப் பக்கம் தோப்பு வேலைக்குக் கொண்டுபோனால், மறக்காமல் ‘எச்’ ஸ்க்ரூவை மறுபடி திறந்துவிட வேண்டும்.

இனி நல்லது. நான் எதிர்பாராத சந்தோஷம் செயினில் கிடைத்தது. மெஷின் இழுக்கவில்லை என்று இன்ஜினைக் குறை சொல்லும் பாதிப் பேருக்குச் செயின்தான் மழுங்கியிருக்கும். அறுக்கும்போது மரத்தூள் மாவாகக் கொட்டினால் மழுங்கல், சீவலாகப் பறந்தால் கூர். என்னுடையது சின்னப் பற்கள் கொண்ட செயின், 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் போதும். 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே, எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டையும் அவ்வப்போது தட்டை அரத்தால் தேய்க்க வேண்டும், பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் சரி. மழையில் சாய்ந்து மண் அப்பிய கற்பூர மரத்தை (யூகலிப்டஸ்) கூட, மண்ணைத் தட்டிவிட்டு, தீட்டிய செயினால் அறுத்தால் வாள் தானாக இறங்குகிறது. அழுத்தவே வேண்டாம். கை வலி பாதியாகிவிட்டது. காசு செலவில்லாமல் மெஷினுக்கு இவ்வளவு உயிர் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

எடை குறைவு, பெட்ரோல் சிக்கனம், குளிர்காலக் காலையிலும் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகிறது. இன்ஜினில் இதுவரை பெரிய பழுது இல்லை. கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு, டயாஃப்ரம், ஒன்று விறைத்துப்போனது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நம் ஊர் மூடுபனியில் கேட்கவே வேண்டாம். சும்மா வைக்கும்போது டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட்டிவிடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்கு நான் சொன்ன பதில்: வாங்காதீர்கள். ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னா கம்பெனியின் ஆட்டோட்யூன் மாதிரி உயரத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்துகொள்ளும் மெஷின்கள் இருக்கின்றன, விலைதான் அதிகம். அது கட்டுப்படியாகாவிட்டால் வேறு எது வாங்கினாலும், விற்பவரை உங்கள் தோட்டத்துக்கே வரச் சொல்லி, அங்கே ஒரு கட்டையை அறுத்துக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.