நேப்பிள்ஸில் கோட் தைக்கக் கொடுக்கிறீர்களா? முதல் ட்ரையலிலேயே பாக்கெட் இருந்தால் உஷார்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கியாயா பகுதியில் ஒரு தையல் கடை. 'முழுக்கக் கைத்தையல், உங்கள் உடம்புக்கென்றே தனியாக வெட்டுவது' என்று சொல்லி, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் சூட்டுக்கான 3,400 யூரோவையும் அளவெடுத்த அன்றே வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் அவர் கைக்கு வந்தது ஃபேக்டரி கோட். கடையின் பெயரை இங்கே போடவில்லை. இதே முறையில் வேறு கடைகளும் ஏமாற்றக்கூடும் என்பதால் முறையை மட்டும் விவரமாகச் சொல்கிறோம்.

அளவெடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் ட்ரையலுக்குப் போனபோதோ கோட் ஏறக்குறைய முடிந்தே இருந்தது. மூன்று பாக்கெட்டும் வெட்டித் தைத்தாயிற்று, லைனிங் ஏறிவிட்டது, காலரும் வைத்தாயிற்று. கை முனையில் காஜா மட்டும்தான் பாக்கி. 'எங்கள் ஆட்கள் வேகமானவர்கள்' என்றார்களாம். விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் அப்போதே கோட்டைக் கழற்றி வைக்கச் சொல்லியிருப்பார்.

ஏனென்றால் கைத்தையல் கடையில் முதல் ட்ரையல் கோட்டைப் பார்த்தால் கோட் என்றே தோன்றாது. துணித்துண்டுகளை வெள்ளைப் பருத்தி நூலால் நீளநீளமாக ஓட்டித்தான் வைத்திருப்பார்கள். உள்ளே கேன்வாஸ், அதாவது கோட்டுக்கு வடிவம் தரும் விறைப்பான உள்துணி, வெளிப்படையாகத் தெரியும். பாக்கெட் இருக்காது, லைனிங் இருக்காது. கட்டர், அதாவது துணி வெட்டும் மாஸ்டர், அதை உங்கள் மேல் மாட்டி, தோளைத் தடவிப் பார்த்து, தேவைப்பட்டால் அங்கேயே கோட்டின் கையைப் பிய்த்தெடுத்து, கொஞ்சம் திருப்பி ஊசியால் குத்துவார். சாக்பீஸ் கோடு போடுவார். நீங்கள் போன பிறகு மொத்தத்தையும் பிரித்து, இஸ்திரி போட்டு, சாக்பீஸ் கோட்டின்படி மறுபடி வெட்டுவார். பாக்கெட்டை முதலிலேயே வெட்டிவிட்டால் இந்தத் திருத்தத்துக்கே வழியில்லை. இடுப்பை ஏற்றவோ முன்பக்கத்தைத் திருப்பவோ முடியாது. பாக்கெட்டும் முகப்புத் துணியும் (முன்பக்க விளிம்பின் உள்ளே வரும் துணி) இரண்டாவது ட்ரையலுக்குத்தான் வரவேண்டும், காஜா எல்லாவற்றுக்கும் கடைசி. கோட்டுக்கு மட்டுமே சுமார் 40 மணி நேரக் கைவேலை இருக்கிறது. சுற்றுலா முடிவதற்குள் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த வாடிக்கையாளருக்கு வலது தோள் சற்று இறக்கம். பலருக்கும் இருப்பதுதான். இறங்கிய பக்கத்தைத் தனியாக வரைந்து வெட்டினால் அக்குளுக்குக் கீழே சுருக்கம் விழாது. இங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? லைனிங்கைப் பிரித்துப் பார்த்ததில் வலது தோளில் மட்டும் ஒரு பஞ்சுப் பட்டை, இடது தோளில் ஒன்றுமே இல்லை. நேப்பிள்ஸ் கோட்டின் பெருமையே பட்டை வைக்காத தோள்தான். 1930களில் ஜென்னாரோ ருபினாச்சியின் கடையில் கட்டராக இருந்த வின்சென்சோ அத்தொலினி, அன்றைய இங்கிலாந்துக் கோட்டின் பஞ்சையும் கனத்தையும் உருவி எடுத்ததில் பிறந்த பாணி இது. அந்தப் பாணியில் ஒரு பக்கம் மட்டும் பட்டை வைத்தால், ஃபேக்டரியின் ரெடி பேட்டர்னில் வந்த குறையைப் பஞ்சால் மறைத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

உள்ளே இன்னும் இருந்தது. கேன்வாஸ் மார்போடு நின்றுவிட்டது, அதற்குக் கீழே விளிம்பு வரை ஃப்யூசிங், அதாவது பசை வைத்து ஒட்டிய உள்துணி. லேப்பலிலும் (காலருக்குக் கீழே மார்பில் வெளிப்புறம் மடியும் பகுதி) பசைதான். கேன்வாஸை லேப்பலோடு சேர்த்துக் கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் சிறு தையல் போட்டால்தான் லேப்பல் தானாகப் புரளும், மூன்று பட்டன் கோட்டின் மேல் பட்டன் அதற்குள் மறைந்து நிற்கும். பசை வைத்த லேப்பல் இஸ்திரி போட்டபடி தட்டையாகவே கிடக்கும். டிரை கிளீனிங்கிலும் மழை ஈரத்திலும் பசை விட்டால் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அதைச் சரிசெய்யவே முடியாது. பக்கத் தையலில் உள்ளே மிச்சம் விட்ட துணி 1 செ.மீ.தான் இருந்தது. கைத்தையலில் 2 முதல் 3 செ.மீ. விட்டிருப்பார்கள். உடம்பு பெருத்தால் கோட்டை விரிக்க உதவுவது அந்தத் துணிதான்.

ஆளை மயக்குவது வெளி அலங்காரம். மார்பில் படகு போல வளைந்த பாக்கெட், தையலோரம் இரட்டைத் தையல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கைப்பட்டன், தோள்முனையில் சட்டைக்கை போலச் சுருக்கம்: கியாயா தெருக்களில் கண்ணில் படும் இந்த அடையாளங்கள் அத்தனையும் இன்று ஃபேக்டரியிலேயே வருகின்றன. விளிம்பில் தெரியும் 'கைத்தையல்' புள்ளிகளைப் போடவும் மெஷின் உண்டு. இடைவெளி அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருந்தால் மெஷின் போட்டது. காஜாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கையால் போட்டதில் பின்பக்கம் கொஞ்சம் ஒழுங்கற்று இருக்கும், துணியைக் கீறிய ஓரம் நூலுக்குள் மூடியிருக்கும். மெஷின் காஜாவில் பெரும்பாலும் தைத்த பிறகு கீறுவதால் நடுவே பிசிறு தெரியும். கைமுனைக் காஜா திறந்து மூடுகிறது என்பது எதற்கும் அத்தாட்சியல்ல. சொல்லப்போனால் அதை வெட்டிவிட்டால் கையின் நீளத்தை முனையில் திருத்துவது கடினம், தோளிலிருந்து பிரித்துத்தான் ஏற்ற வேண்டும்.

நேப்பிள்ஸைச் சுற்றி நல்ல ஃபேக்டரிகள் இருக்கின்றன. அளவு கொடுத்து அங்கே தைத்து வாங்குவதில் தவறே இல்லை. அதை அந்த விலைக்கு, அந்தப் பெயரில் விற்பதுதான் தப்பு. கைத்தையலுக்கு ஆசைப்படுகிறவர் வெட்டு மேசையைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் பெயர் எழுதிய காகிதப் பேட்டர்னைக் காட்டச் சொல்லலாம். சில மூத்த கட்டர்கள் காகிதமே இல்லாமல் துணியிலேயே நேராக வரைவார்கள். அப்படியானால் வெட்டும்போது பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

துணியிலும் கவனம் தேவை. உள்ளே தைத்த மில் லேபிளை வைத்து எதையும் நம்பிவிடாதீர்கள், லேபிள் தனியாகவே கிடைக்கும். துணியின் கரையில் நெய்திருக்கும் மில் பெயரை வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். 150 செ.மீ. அகலத் துணியில் ஒரு சூட்டுக்கு 3 முதல் 3.5 மீட்டர் போகும், மிச்சத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். சூப்பர் 150 என்று கூடுதல் விலை சொன்னால் மயங்க வேண்டாம். அந்த எண் கம்பளி இழை எவ்வளவு மெல்லியது என்பதை மட்டுமே சொல்கிறது. சூப்பர் 120 என்றால் இழையின் தடிமன் 17.75 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கலாம், சூப்பர் 150 என்றால் 16.25 வரை. அடிக்கடி போடுகிறவருக்கு மெல்லிய இழை சீக்கிரம் தேயும், கசங்கும்.

பணத்தைப் பாதிக்கு மேல் முன்னால் கொடுக்காதீர்கள். ரசீதில் அந்த முன்பணம் 'அக்கோந்தோ' (விலையில் ஒரு பகுதியாகக் கொடுக்கும் சாதாரண முன்பணம்) என்று இல்லாமல் 'காப்பாரா கான்ஃபிர்மத்தோரியா' (ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தும் முன்பணம்) என்று எழுதப்பட வேண்டும். இத்தாலிய சிவில் சட்டம் 1385ஆம் பிரிவின்படி கடைக்காரர் ஒப்பந்தத்தை மீறினால் நீங்கள் விலகிக்கொண்டு அந்தத் தொகையை இரு மடங்காகத் திருப்பிக் கேட்கலாம். அக்கோந்தோவுக்கு அந்த உரிமை இல்லை. இந்த வாடிக்கையாளரின் ரசீதில் 'ஆண்கள் சூட், 1' என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை, அதனால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. தனி வெட்டு, முழுக் கேன்வாஸ், ஃப்யூசிங் இல்லை, கையால் போட்ட காஜா, மில் பெயரும் துணி எண்ணும், குறைந்தது இரண்டு ட்ரையல் — இவ்வளவும் ரசீதிலேயே வேண்டும். எழுத மாட்டோம் என்றால் அந்தக் கடை வேண்டாம்.

கோட் வந்துவிட்டது, ஏமாற்றம் இப்போதுதான் தெரிகிறது என்பவர்களுக்கு: ஐரோப்பிய நுகர்வோர் சட்டத்தின் 2 வருட உத்தரவாதம் தைத்துக் கொடுத்த பொருளுக்கும் உண்டு. சொன்னபடி இல்லை என்று ஒப்புகைச்சீட்டு வரும் பதிவுத் தபாலில் புகார் எழுதுங்கள், ட்ரையல் படங்களையும் சேருங்கள். லைனிங்கைப் பிரிப்பதாக இருந்தால் புகார் அனுப்பிய பிறகு, சாட்சிக்கு இன்னொரு தையல்காரரை வைத்துக்கொண்டு பிரியுங்கள். முன்னாலேயே பிரித்தால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று கடை சொல்லும்.