1940-களின் பேட்டர்ன் தாள்களோடு ஒன்பது ஆண்டுகள்

அமெரிக்காவில் 1940-களில் விற்ற பெண்கள் உடைப் பேட்டர்ன்களை, அதாவது துணியை வெட்ட உதவும் தாள் மாதிரிகளை, தேடி வாங்கி, அவற்றை வைத்து ஒன்பது ஆண்டுகளாகத் தைத்து வருகிறேன். சிம்ப்ளிசிட்டி என்னும் பேட்டர்ன் நிறுவனத்தின் உறையை முதன்முதலில் பிரித்தபோது, தாளில் ஒரு கோடுகூட இல்லாததைக் கண்டு திகைத்துப் போனேன். மக்கால்ஸ் நிறுவனம் 1920-களிலேயே கோடுகளை அச்சிடத் தொடங்கிவிட்டது என்றாலும், வேறு பல நிறுவனங்கள் துளையிட்ட வெறும் டிஷ்யூ தாளையே அதன் பிறகும் நெடுநாள் விற்றன. துணியின் நீளவாட்டு எது, டார்ட் (உடலுக்கேற்பத் துணியைக் குறுக்கும் கூர்மடிப்பு) எங்கே பிடிக்க வேண்டும், துணியை எங்கே மடித்துப் போட வேண்டும் என்பதையெல்லாம் துளைகளின் அளவும் வரிசையுமே சொல்லும். இரண்டு உடைகள் தைத்து முடிப்பதற்குள் அந்தத் துளைகள் எனக்குப் பழகிவிட்டன. இன்று அச்சிட்ட தாளைவிட அவற்றையே நம்புகிறேன்.

அளவு எண்ணை மட்டும் நம்பவே கூடாது. மார்பளவு 34 அங்குலம் உள்ளவருக்கு அக்காலத்தில் 16-ஆம் எண். 1960-களின் இறுதியில் எண்கள் திருத்தப்பட்ட பின் அதே மார்பளவு 12-ஆம் எண்ணுக்குப் போய்விட்டது. உறைக்குள் ஒரே அளவுதான் இருக்கும் என்பதால், உறையில் அச்சிட்டுள்ள அங்குலக் கணக்கைப் பார்த்து வாங்குவதே சரி.

இத்தனை ஆண்டுகளாக என்னைப் பிடித்து வைத்திருப்பது, ஒரே பத்தாண்டுக்குள் உடை மாறிய விதம் கைக்கே தெரிவதுதான். இரண்டாம் உலகப் போருக்குத் துணியைச் சேமிப்பதற்காக அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் 1942-இல் எல்-85 என்னும் ஆணையைப் பிறப்பித்துப் பாவாடையின் சுற்றளவுக்கும் மேலங்கியின் நீளத்துக்கும் வரம்பு கட்டியது. கீழ் மடிப்புக்கு 2 அங்குலமே அனுமதி. கடையில் விற்ற உடைகள் ஒடுங்கியபோது பேட்டர்ன்களும் ஒடுங்கின. என்னிடமுள்ள 1943-ஆம் ஆண்டு மக்கால்ஸ் சட்டைக் கவுனில் (மேல்பகுதி சட்டை போல் அமைந்த கவுன்) பாவாடை முழங்காலோடு நின்றுவிடுகிறது, கொசுவங்கள் முன்பக்கத்தில் மட்டும் இருக்கின்றன, வெட்டி முடித்த பிறகு மேசையில் கைக்குட்டை அளவுக்குக்கூடத் துணி மிஞ்சுவதில்லை. 1947 பிப்ரவரி 12 அன்று பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிசில் காட்டிய தொகுப்பு 'நியூ லுக்' என்று பெயர் பெற்றதற்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுப் பேட்டர்னோ, ஏறத்தாழ இரண்டு மடங்கு துணியைக் கேட்டது. தோள் இறங்கி, இடுப்பு இறுகி, பாவாடை கெண்டைக்கால் வரை விரிந்து விழுகிறது. அதன் கீழ் விளிம்பைக் கையால் மடித்துத் தைக்க எனக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. நான்கைந்து ஆண்டு கட்டுப்பாட்டுக்குப் பிறகு இவ்வளவு துணியை வெட்டிய பெண்களின் மனநிலை என்னவாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

போர்க்காலப் பேட்டர்ன்களில் தோளை உயர்த்திக் காட்ட உள்ளே வைக்கும் தோள் பட்டையை எடுத்துவிட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடையின் கைப்பகுதியில் மேலே விடப்பட்டிருக்கும் சுருக்கமும் உயரமும் அந்தப் பட்டைக்காகவே கணக்கிடப்பட்டவை. அது இல்லாமல் தைத்த என் முதல் கவுன் தோளில் தொய்ந்து சரிந்தது. பிரித்து, கை மேல்வளைவைத் தாழ்த்தி வெட்டிய பிறகே சரியாக அமர்ந்தது. திறப்பும் பெரும்பாலும் முதுகில் இருக்காது, இடது பக்கத் தையலில் வரும். போரின்போது உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் ஜிப் அரிதாயிற்று. அதனால் அங்கே பிரஸ் பட்டனும் கொக்கியும் வைத்த அக்கால வழக்கத்தை நானும் அப்படியே பின்பற்றுகிறேன், ஒரு முறைகூட அவிழ்ந்ததில்லை.

குறைகளும் உண்டு. முழுமையானது என்று சொல்லி விற்கப்பட்ட ஓர் உறையில் கழுத்து உட்பட்டிக்கான (கழுத்து விளிம்பின் உள்பக்கம் வைத்துத் தைக்கும் துண்டு) தாள் இல்லை. கழுத்து வளைவைப் பார்த்து நானே வரைந்துகொண்டேன். அதிலிருந்து, வாங்கியவுடன் செய்முறைத் தாளிலுள்ள படத்தோடு ஒவ்வொரு துண்டையும் எண்ணிப் பார்க்கிறேன். தாள் மிகவும் நொறுங்கக்கூடியது என்பதால் மூலத்தின் மீது குண்டூசி குத்துவதே இல்லை. நீராவி இல்லாத குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டு, பழுப்புத் தாளில் படியெடுத்து, துளைகளையும் குறித்துக்கொண்டு, முதலில் காடாத் துணியில் வெட்டிப் பார்க்கிறேன். தையல் இப்போதுதான் கற்கத் தொடங்கியவருக்கு இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் செய்முறைத் தாள் பல படிகளை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. ரவிக்கையோ கவுனோ நான்கைந்து தைத்து, கை பொருத்தப் பழகியவர் 1943-ஆம் ஆண்டுச் சட்டைக் கவுன் போன்ற ஒன்றிலிருந்து தயங்காமல் தொடங்கலாம். என்னுடையதை இதுவரை ஏழு முறை வெட்டிவிட்டேன். மூலத்தாள் இன்னும் கிழியாமல் உறைக்குள் இருக்கிறது.