15 வாட் எஃப்.எம். ஆம்ப்ளிஃபையர் போர்டு: மண்டபத்து உப்புக்காற்றில் எப்படி இருக்கிறது?

விலை குறைந்திருக்கிறதாம். தங்கச்சிமடத்து மாப்ள ஒருத்தன் படத்தை அனுப்பி "வாங்கலாமா?" என்று கேட்டான். ஆர்டி15ஹெச்விஎஃப்1 மாஸ்ஃபெட் (சிக்னலைப் பெருக்கும் ஒரு டிரான்சிஸ்டர்) போட்டு, அரை வாட் எஃப்.எம். சிக்னல் கொடுத்தால் 15 வாட் தரும் என்று விற்கிறார்களே, அந்த போர்டுதான். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில், என் மேசையில் அது ரொம்ப நாளாக ஓடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாஸ்ஃபெட்டின் முதுகுத் தகடு சோர்ஸ், அதாவது கிரவுண்டு. ஐஆர்எஃப்510 என்ற மாஸ்ஃபெட்டைப் போட்டுப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும்; அதில் தகடு டிரெயின், அதாவது வோல்டேஜ் ஏறும் முனை என்பதால் நடுவில் மின்சாரம் கடக்காத மைக்கா வைத்தே ஆகவேண்டும். இதில் சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்கில் நேராக முறுக்கிவிடலாம். 12.5 வோல்ட்டில் 1.6 ஆம்பியர் இழுத்து, ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் டம்மி லோடில் 12 வாட் காட்டுகிறது. உள்ளே போகும் 20 வாட்டில் எட்டு வாட்தான் சூடாகிறது, மணிக்கணக்கில் ஓட்டினாலும் ஹீட் சிங்கில் கை வைக்க முடிகிறது. இந்தக் காசுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அந்த ஆன்டெனா சாக்கெட்! நடு ஊசியைச் சுற்றி சூடு தாங்கும் டெஃப்லான் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ வெள்ளை பிளாஸ்டிக். சாலிடரிங் அயர்னை வைத்த நொடியில் அது இளகி ஊசி ஒரு பக்கம் சாய்கிறது. மேலே காகிதம் கனத்துக்கு நிக்கல் பூச்சு, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதுவும் பொரிந்து, உள்ளே பச்சைக் களிம்பு, திருகு அடியில் வெள்ளைப் பொடி. கிரவுண்டே அந்தத் திருகுகள் வழியாகத்தான் போகிறது என்பதால் கேபிளை லேசாகத் தொட்டாலே வாட் மீட்டர் முள் 12-லிருந்து 7-க்கு விழுந்து நடுங்கும். சுரண்டித் துடைத்தால் சரியாகும், கொஞ்ச நாளில் பழைய கதைதான். போன வாரம் மறுபடியும் அதே வேலை. விற்றவர்களுக்கு எழுதினேன், பதிலே இல்லை. மதுரையில் வைத்து ஓட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை இருக்காது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேண்டாத அலைவரிசைகளை வடிக்கும் ஃபில்டர் சுமார். 98 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் 196-ல் அதன் இரட்டிப்பு நன்றாகவே தெரிகிறது, மேல் அலைவரிசைகளைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்டர் ஒன்று தனியாகப் போடாமல் தீராது. லைசென்ஸ் இல்லாமல் ஆன்டெனாவில் ஏற்றவே கூடாது மாப்ள. பாம்பனின் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலிகூட லைசென்ஸ் வாங்கித்தான் 90.4-ல் வந்தது. எஃப்.எம். முடிகிற 108-லிருந்து மேலே விமானங்களுக்கு வழிகாட்டும் சிக்னல், அதற்கும் மேலே விமானப் பேச்சு, உச்சிப்புளியில் கடற்படை விமானதளமே இருக்கிறது. டம்மி லோடு போதும், படிக்க வேண்டியதெல்லாம் அதிலேயே படிக்கலாம்.

இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதே: வாங்காதே. மாஸ்ஃபெட்டைத் தனியாக வாங்கு, போர்டை நீயே செய், டெஃப்லான் வைத்த நல்ல பித்தளை சாக்கெட்டாகப் பார்த்துப் போடு. ஹீட் சிங்க் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்.