பெரிய எழுத்தில் சறுக்குகிற திருத்தி

ஆங்கிலத்தில் எழுதியதைத் திருத்தித் தரும் செயலி ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டி ஏழு மாதமாகப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம். கமா, ஆர்ட்டிகிள், எழுத்துப் பிழை எல்லாவற்றிலும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நான் இதை வாங்கியதே கேப்பிட்டல் எழுத்துக்காகத்தான், அதனால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. எது பெயர் என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போனால், தமிழில் 'அவர்கள்' போடுகிற இடத்திலெல்லாம் கை தானாக கேப்பிட்டலுக்குப் போகிறது. மேனேஜர், பிரின்சிபால், மதர் என்று மரியாதைக்குரிய எல்லோருக்கும் பெரிய எழுத்து! நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். ஆங்கிலத்தில் அது மரியாதை இல்லை, இது பெயர் என்பதற்கான அடையாளம். 'மை மதர்' என்று எழுதினால் சின்ன எம். அவரையே 'மதர்' என்று கூப்பிடுவதுபோல எழுதினால் அங்கே அது பெயராகிவிடுகிறது, எனவே பெரிய எம். பதவியும் அப்படித்தான், ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தால் பெரியது, தனியாக நின்றால் பெரும்பாலும் சிறியது. இதில் செயலி நல்ல வாத்தியார். என் கடிதங்களில் இருந்த மேனேஜர்களை எல்லாம் ஒரே வாரத்தில் சின்ன எழுத்துக்கு இறக்கிவிட்டது. கிழமைக்கும் மாதத்துக்கும் பெரியது, கோடை குளிர் போன்ற பருவங்களுக்குச் சிறியது என்பதையும் தவறவிட்டதில்லை.

ஒரே சொல் இரண்டு வேஷம் போட்டால்தான் தடுமாற்றம். பெரிய டி போட்டால் டர்க்கி நாடு, சின்ன டி போட்டால் வான்கோழி. சைனாவும் அப்படி, சின்ன சி என்றால் பீங்கான். பீங்கான் தட்டுகளைப் பற்றி நான் எழுதிய வரியில் பெரிய சி போடச் சொல்லி மூன்று முறை சிவப்புக் கோடு போட்டது.

அப்புறம் பிராண்ட் பெயர்கள். ஐபோனில் ஐ சின்னது, பி பெரியது. ஈபேயிலும் இதே கதை. வாக்கியத்தின் நடுவில் வந்தால் செயலி சும்மா இருக்கிறது, முதல் சொல்லாக வந்தால் உடனே ஐயைப் பெரிதாக்கு என்கிறது. இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன், ஆங்கில நடைக்கு விதி சொல்லும் கையேடுகளிலேயே ஒற்றுமை இல்லை: புத்தகப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ கையேடு அப்படியே விடலாம் என்கிறது, செய்தி நிறுவனமான ஏபியின் கையேடு பெரிதாக்கச் சொல்கிறது. நீ எந்தக் கையேட்டைப் பின்பற்றுகிறாய் என்று கேட்டுவிட்டுத் திருத்தியிருக்கலாம், அவ்வளவுதான்.

பிராண்டாகப் பிறந்து பொதுப்பெயராகிப் போன சொற்களும் இருக்கின்றன. எஸ்கலேட்டர் ஒரு காலத்தில் ஓடிஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர், 1950-இல் அமெரிக்காவில் அந்த உரிமை போனது, இப்போது சின்ன ஈதான். ஆஸ்பிரின் இன்னும் வேடிக்கை: அமெரிக்காவில் சின்ன எழுத்து, கனடாவில் இன்றும் பேயர் நிறுவனத்தின் பதிவுபெற்ற பெயர் என்பதால் பெரிய எழுத்து. செயலியின் அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம், கனடா ஆங்கிலம் என்று மாற்றிப் பார்த்தேன். கலர் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டல் ஒழுங்காக மாறியது, ஆஸ்பிரின் அசையவில்லை.

என்னை உண்மையிலேயே கடுப்பேற்றியது நியூட்டன்தான். ஒரு இயந்திரக் கையேட்டை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தேன், நேரமில்லாமல் 'எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்' பொத்தானை அழுத்திவிட்டேன். விசையின் அலகாக வந்த நியூட்டன் எல்லாம் பெரிய எழுத்துக்கு மாறிவிட்டது, கூடவே கெல்வின், வாட் என்ற அலகுகளும். விஞ்ஞானியைச் சொன்னால் பெரியது, அவர் பெயரில் உள்ள அலகை முழுதாக எழுதினால் சின்னது, அதன் குறியீடு மட்டும் மறுபடி பெரியது. டிகிரி செல்சியஸில் மட்டும் டி சின்னது, சி பெரியது. லிட்டர் யாருடைய பெயரும் இல்லை, ஆனாலும் சின்ன எல் பார்க்க ஒன்று போலவே இருப்பதால் 1979 முதல் அதன் குறியீட்டுக்குப் பெரிய எல்லும் போடலாம். இவ்வளவும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை, தெரியாத இடத்தில் கை வைக்காமல் இருந்திருக்கலாம். கையேடு திரும்பி வந்தது, ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தேன்.

சொந்தச் சொற்பட்டியல் வசதி ஒன்று இருக்கிறது, வாங்குபவர்கள் முதலில் அதை நிரப்பிவிடுங்கள். எப்போதும் ஒரே மாதிரி எழுதுகிற பிராண்ட் பெயர்களுக்கு அது போதும். டர்க்கி, சைனா, நியூட்டனுக்கு உதவாது, இரண்டு வடிவமும் சரி என்று சொல்ல அதில் வழியில்லை. கடிதம், விண்ணப்பம் எழுதுகிறவர்கள் தைரியமாக வாங்கலாம், தொழில்நுட்பம் எழுதுகிறவர்கள் கேப்பிட்டல் திருத்தத்தை மட்டும் அணைத்து வையுங்கள். நான் அணைத்து இரண்டு மாதமாகிறது. கேப்பிட்டலுக்கு மட்டும் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை.