மின்கட்டணம் பாதியாகும் என்று கருவியை நீட்டிக் காட்டுபவர்களை நம்பாதீர்கள், என் 3 மாதச் சம்பளம் போய்விட்டது

நேற்று இரவுதான் எனக்கு முழு விவரமும் புரிந்தது. தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்த கையோடு இதை எழுதுகிறேன், முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மின்செலவைக் குறைத்துத் தருகிறோம் என்று வந்தவர்களிடம் என் 3 மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வீட்டு மின்செலவைக் குறைக்க உண்மையில் எது உதவும், எது உதவாது என்று தெரிந்துகொண்டதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது மேல்தளம். அப்பாவின் அறைக்கு நேர் மேலே மொட்டைமாடி. மதியம் 2 மணிக்கு மேல் அந்த அறையில் உட்காரவே முடியாது, இரவு 11 மணிவரை கூரை அனலை இறக்கிக்கொண்டே இருக்கும். ஏசி போட்டால் பில் எகிறுகிறது என்று அப்பா நான் வேலைக்குப் போனதும் அதை அணைத்துவிடுவார். மாதம் 410 யூனிட் வந்துகொண்டிருந்தது. அந்த அறை குளிர வேண்டும், பில்லும் குறைய வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலி இருக்கிறது, குழாய் வேலை, ஏசி சர்வீஸ் எல்லாம் அதில் பதிவு செய்யலாம். பெயரைச் சொல்லவில்லை, முறைப்படி புகார் கொடுக்கப்போகிறேன், அதற்குள் வேறு வம்பு வேண்டாம். அதில் 'வீட்டு மின்சேமிப்பு ஆய்வு, இலவசம்' என்று போட்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு முறை அந்தச் செயலி வழியாக வந்தவர்கள் ஏசியை ஒழுங்காகச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார்கள், அந்த நம்பிக்கையில்தான் பதிவு செய்தேன்.

வந்தவர் சின்ன வயது. கையில் கருவிப் பெட்டி, கழுத்தில் அடையாள அட்டை. வந்ததும் விற்பனைப் பேச்சை ஆரம்பிக்கவில்லை. ஒரு மணி நேரம் வீடு முழுக்கச் சுற்றி ஒவ்வொரு விளக்கையும் மின்விசிறியையும் குறித்துக்கொண்டார். அப்புறம் உச்சிவெயிலில் மாடிக்குப் போய், கொண்டுவந்த டப்பாவிலிருந்து வெள்ளிநிறப் பூச்சை ஒரு சதுர அடி அளவுக்குப் பூசினார். அது காய்ந்ததும் என்னையும் அப்பாவையும் மேலே கூப்பிட்டார். துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியை அப்பாவின் கையிலேயே கொடுத்தார். "நான் அளந்தா நம்ப மாட்டீங்கப்பா, நீங்களே அளந்து பாருங்க."

வெறும் கான்கிரீட்டில் 58 டிகிரி. வெள்ளிப் பூச்சில் 31.

அப்பா இரண்டு முறை, மூன்று முறை மாற்றி மாற்றிக் குறிவைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட அதே எண்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "27 டிகிரி குறையுதும்மா!" என்றார். நான் விழுந்த இடம் அதுதான்.

கீழே வந்து இன்னொன்று காட்டினார். தண்ணீர் மோட்டாரைப் போட்டு, அதன் வயரை ஒரு கிளாம்ப் மீட்டரால் (வயரை வெட்டாமலே கரண்டை அளக்கும் கருவி) கவ்விப் பிடித்தார், 3.4 ஆம்பியர் காட்டியது. பக்கத்து பிளக்கில் 'பவர் சேவர்' என்ற பெட்டியைச் செருகி, அந்தப் பிளக்குக்கு முன்னால், மின்சாரம் வரும் பக்கத்தில் வயரைக் கவ்வினார், 2.4. "பாருங்கக்கா, ஒரு ஆம்பியர் மிச்சம். வீடு முழுக்க இதேதான். கூரைக்கும் சேர்த்துப் போட்டா பில் பாதியாயிடும், போட்ட காசு 14 மாசத்துல திரும்ப வந்துடும்." மாடி முழுக்கப் பூச்சு, மூன்று பெட்டிகள், கூலி எல்லாம் சேர்த்து 3 மாதச் சம்பளம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்று மாலைக்குள் சொன்னால்தான் இந்த விலை என்றார். அப்பா பக்கத்தில் வந்து மெதுவாக, "குடுத்துடும்மா, பையன் நல்லவனா தெரியுறான்" என்றார். சேமிப்பிலிருந்து எடுத்து மொத்தத்தையும் அன்றைக்கே அனுப்பினேன்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. ஒரு வாரம் ஆகியும் அறையில் பெரிதாக மாற்றம் இல்லை. போன் செய்தேன். பூச்சு முழுதாக இறுக 21 நாள் ஆகும் என்றார்கள். சரி என்று காத்திருந்தேன். மாத பில் வந்தது, 402 யூனிட். கேட்டால், இந்த மாதம் வெயில் ஜாஸ்தி, அதனால் தெரியவில்லையாம். அடுத்த மாதம் 418. இந்த முறை "உங்க உபயோகம் கூடியிருக்கும் மேடம்" என்றார்கள். அக்கா மேடமாகிவிட்டது. உபயோகம் கூடவில்லை என்று சொன்னதும், உங்கள் மீட்டர் பழுதாக இருக்கும், மின்சார அலுவலகத்தில் போய்ச் சரிபாருங்கள் என்றார்கள். அரை நாள் விடுப்பு போட்டு அங்கே போனேன். மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தத் தம்பி போனையே எடுப்பதில்லை. செயலியின் வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் எடுக்கிறார், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியாகப் பேசிய பெண், வேலை முடிந்த 7 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்றார். பூச்சு இறுக 21 நாள் என்று சொல்லிக் காத்திருக்க வைத்ததும் நீங்கள் அனுப்பிய ஆள்தானே, 7 நாளில் நான் எப்படிப் புகார் கொடுப்பது என்று கேட்டேன். "உங்க ஆதங்கம் புரியுது மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என் 3 மாதச் சம்பளம், அதற்கு ஒரே வரியில் பதில்.

உத்தரவாத அட்டையை அதற்கப்புறம்தான் நிதானமாகப் படித்தேன். 5 வருட உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எதற்கு என்று பார்த்தால், பூச்சு உரிந்துவராது என்பதற்கு. மின்கட்டணத்தைப் பற்றி '50% வரை சேமிக்க வாய்ப்பு' என்று மட்டும்தான். 'வரை' என்ற சொல்லையும் 'வாய்ப்பு' என்ற சொல்லையும் பணம் கொடுக்கும்போது நான் கவனிக்கவில்லை.

நேற்று மாலை, எங்களுக்குப் பழக்கமான, பல வருடமாக மோட்டார் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பவர் சேவர் பெட்டி ஒன்றைத் திருகு கழற்றித் திறந்தார். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைத்துத் திருப்பித் தரும் ஒரு கப்பாசிட்டர், ஒரு சின்னப் பச்சை விளக்கு, வேறு ஒன்றும் இல்லை. "ஆம்பியர் குறைஞ்சது நிஜம்தாம்மா, ஆனா வீட்டு மீட்டர் காசு போடுறது ஆம்பியருக்கு இல்லையே" என்றார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மோட்டார் இழுக்கும் கரண்டில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது, இன்னொரு பங்கு காந்தப்புலத்துக்காக லைனுக்கும் மோட்டாருக்கும் இடையில் போய்ப் போய்த் திரும்புகிறது. கப்பாசிட்டர் அந்த இரண்டாவது பங்கைப் பக்கத்திலிருந்தே கொடுத்துவிடுவதால் லைனில் ஆம்பியர் குறைகிறது. ஆனால் வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது வேலை செய்யும் பங்கை, அதாவது நாம் யூனிட் என்று சொல்லும் கிலோவாட் மணியை. அது அப்படியேதான் இருக்கும். பெரிய தொழிற்சாலைகளுக்குக் கட்டணக் கணக்கு வேறு, பவர் ஃபேக்டர், அதாவது வேலை செய்யும் பங்கின் விகிதம், குறைந்தால் அங்கே அபராதமும் வரலாம், அதனால் அங்கே கப்பாசிட்டர் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. வீட்டில் இல்லை.

அதை நிரூபிக்கவும் செய்தார். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், எங்கள் மீட்டரில் 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அதன்மேலேயே அச்சடித்திருக்கிறது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டோம். பெட்டி இல்லாமல் நிமிடத்துக்கு 27 சிமிட்டல். பெட்டியைச் செருகி எண்ணினோம். 27. மூன்று முறை எண்ணினேன், ஒவ்வொரு முறையும் 27. இந்தச் சோதனையைப் பணம் கொடுக்கும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்!

அடுத்தது அந்த வெப்பமானி. அவரிடமும் ஒன்று இருந்தது. பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, பாத்திரத்தின் வெளிப்பக்கத்தை அளக்கச் சொன்னார். 43 டிகிரி காட்டியது. தொட்டால் விரல் வெந்துவிடும், இது 43 என்கிறது. பிறகு பாத்திரத்தின்மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதைக் குறிவைத்தோம். 91. இந்தக் கருவி ஒரு பொருள் வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் வெப்பத்தைக் கணிக்கிறது. பளபளப்பான உலோகமும் வெள்ளிப் பூச்சும் அந்தக் கதிரைக் குறைவாக வெளியிடும், எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கும். மாடியில் எதிரில் இருப்பது திறந்த வானம், வானத்திலிருந்து வரும் கதிர் குறைவு. அதனால்தான் அப்பா அன்றைக்கு அளந்தபோது 31 டிகிரி என்று அவ்வளவு குறைவாகக் காட்டியது. அன்றைக்கு அந்தப் பூச்சின்மேல் ஒரு முறை உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது மதியம் மாடியில் கை வைத்தால் சுடுகிறது.

வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சே பொய் என்று நான் சொல்லவில்லை. நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது வெயிலில் 80 சதவீதம் அளவுக்குத் திருப்பிவிடும், வாங்கிய சூட்டையும் கதிராக எளிதில் வெளியே விட்டுவிடும், தூசி படியப்படியத்தான் திறன் குறையும். வெள்ளிப் பூச்சு திருப்புவதும் குறைவு, வாங்கிய சூட்டைச் சீக்கிரம் விடுவதும் இல்லை. எங்களுக்கு வெள்ளையையே பூசியிருந்தாலும் பில் பாதியாகியிருக்காது. கூரை வழியாக வரும் சூடு ஏசிக்குக் கொடுக்கும் வேலையைத்தான் அது குறைக்கும், சுவர், ஜன்னல், கதவிடுக்கு வழியாக வருவது அப்படியே இருக்கும். ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், மோட்டார் இவற்றுக்கும் கூரைக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கணக்கை அந்தத் தம்பி போடவில்லை, நானும் போடச் சொல்லவில்லை. 410 யூனிட்டில் ஏசிக்கு எவ்வளவு என்று அவர் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை.

3 மாதச் சம்பளத்துக்கு என்னென்ன செய்திருக்கலாம் என்று இரவு முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய மின்விசிறிகள் ஒவ்வொன்றும் 75 வாட். பிஎல்டிசி என்று விற்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கே மாதம் 20 யூனிட் மிச்சம். நான்கு விசிறி மாற்றியிருக்கலாம். அப்பாவின் அறைக் கூரைமேல் இரண்டு அங்குல வெப்பத்தடுப்புப் பலகை பதித்திருக்கலாம். வெப்பத்தைத் தடுத்து நிறுத்த அந்த அளவு கனம் வேண்டும், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சை 'இன்சுலேஷன்' என்று விற்றதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அப்பா இப்போதெல்லாம் அறை சூடாக இருக்கிறது என்று சொல்வதே இல்லை. கேட்டால் "பரவாயில்லம்மா, முன்னவிடக் கொறைஞ்சிருக்கு" என்கிறார். நான் வருத்தப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறார், எனக்குத் தெரிகிறது. பணம் போனதைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பிளக்கில் செருகினால் பில் குறையும் என்று எதை விற்றாலும் வாங்காதீர்கள். ஆம்பியரைக் காட்டினால் மீட்டர் சிமிட்டலை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். பளபளப்பான பரப்பில் வெப்பமானி காட்டும் எண்ணை நம்பாதீர்கள். எத்தனை யூனிட் குறையும், குறையாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று எழுதி வாங்குங்கள், 'வரை' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இன்றைக்கே முடிவு சொல்லச் சொன்னால் அனுப்பிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள், ஒரு மாத பில்லைப் பார்த்த பிறகு மீதி என்று பேசுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள், அதற்குச் சின்னச் செலவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செயலியிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது. என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்களாம், சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். அதையும் படம்பிடித்து வைத்துவிட்டேன். ரசீது, உத்தரவாத அட்டை, மூன்று மாத பில்கள், திறந்த பெட்டியின் படம் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகாராக இன்று மாலை எழுதப்போகிறேன். இதே மாதிரி வெள்ளிப் பூச்சும் பெட்டியும் வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.